ஒட்டாமல் விட்ட டேப்

ஆஸ்பத்திரி லேபில் அவளைப் பூச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக ஊரார் மலத்தில் பூச்சிமுட்டை தேடுகிறவளுக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்? அவளும் கோபித்துக்கொண்டதில்லை. "அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று டாக்டர்களே சொல்லும்போது உள்ளூர ஒரு கர்வம்கூட.

பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார்களிடம் ஒரே பாட்டுதான் பாடுவாள்.

"கீரிப்பூச்சி மலத்துல தெரியாதும்மா. அது வெளியே வந்துதான் முட்டை போடும். காலையில புள்ளைய கழுவிவிடறதுக்கு முன்னாடி, பின்பக்கத் தோல்ல டேப்பை ஒட்டி எடுத்துட்டு வா."

ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் வீட்டில் செய்தாளா? பத்து வயது மகள் வயிறு வலிக்கிறது என்றபோது மலத்தைத் தானே பார்த்தாள். ஒன்றுமில்லை. சரி, டேப் ஒட்டிப் பார்ப்போம் என்று நினைவு வருவதற்குள் பெண் குளித்துத் தலைபின்னி நிற்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள், "ஸ்கூலுக்கு மட்டம் போட இது ஒரு சாக்கா?" என்று அதட்டிப் பையை மாட்டி அனுப்பினாள். அந்தப் பாவி வாய்க்கு அன்று வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மதியம் பள்ளியிலிருந்தே தூக்கி வந்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது. அறுத்தெடுத்ததைப் பாட்டிலில் போட்டு, "நீங்க லேப்தானே, கையோட கொண்டுபோயிடுங்க" என்று நர்ஸ் அவளிடமே கொடுத்தாள். 417 என்று எழுதி ஒட்டியதும் அவள்தான். சீழ் ரத்தத்தில் கலந்து, மூன்றாம் நாள் மகள் போய்விட்டாள்.

வீட்டில் இருந்தால் அந்தப் பள்ளிப்பை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். இடையில் வந்து சேர்ந்த புது டாக்டர், மாணவர்களைச் சுற்றி நிறுத்தி மைக்ரோஸ்கோப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"அக்கா, நீங்க வந்து பாருங்க."

குனிந்தாள். ஒரு வட்டம். இரண்டு பக்கமும் சின்ன முள்போல நீட்டல். உள்ளே கொத்தாக முட்டைகள்.

"கீரிப்பூச்சி! பெண்பூச்சி!" ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் குரலில் உயிர் வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

"கரெக்ட்! இது குடல்வால்ல புகுந்து அதை வெடிக்கிற அளவுக்குக் கொண்டுவர்றது ரொம்ப அபூர்வம். எல்லாரும் சொன்னது சரிதான். அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது."

பழக்கதோஷத்தில் அவள் ஸ்லைடை எடுத்து எண்ணைப் பார்த்தாள். 417.

"தப்பிடுச்சு டாக்டர்," என்றாள். "இது என் பொண்ணோடது."