காய விட்ட வயல்

சூரியகாந்தி வரிசைக்குள் குனிந்து நுழைந்தவர், பூவை ஏறெடுத்தும் பார்க்காமல், முழங்கால் உயரத்தில் தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். சுணை குத்துகிறது, அதையெல்லாம் யார் பொருட்படுத்துவது? இடுப்பிலிருந்து கத்தியை உருவி ஒரே வெட்டு. தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் வெள்ளைத் தக்கையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுகிறார். முகம் மலர்ந்தால் அந்த ரகம் தப்பித்தது. ‘தூ’ என்று துப்பினால் தொலைந்தது. உலர்த்துவது, பொடிப்பது, சர்க்கரையை அளப்பது எல்லாம் அதற்குப் பிறகு ஆய்வகத்தில் முறைப்படி நடக்கும். ஆனாலும் இயந்திரத்தை நாக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு வீம்பு.

அறை வாசலில் நீளமான பட்டப் பெயர்களோடு பலகை தொங்குகிறது. விதை ஆராய்ச்சிப் பண்ணையில் எல்லார் வாயிலும் அவர் ‘தண்டு டாக்டர்’தான். கீரைக் கடைக்குப் போனாலும் கை தானாகத் தண்டுக்குப் போய்விடும். “வாங்குறதுன்னா வாங்கும்மா, வைத்தியம் பாக்காத” என்று கடைக்காரர் கடுகடுப்பார். பள்ளி வேன் ஓட்டும் கணவர், ஒடிந்த கட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார். வீட்டில் பூ ஜாடி கிடையாது. பூவோடு நின்று படம் எடுக்கக் கூப்பிட்டால் எரிந்து விழுவார்.

ஏன் தண்டு என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. உச்சி வெயிலில் நிறுத்திப் பாடம் எடுத்துவிடுவார். “இலை நல்லா இருக்கும்போது சமைச்சதுல மிச்சத்தத் தண்டுல சேத்து வைக்கும். விதை பிடிக்கிற நேரத்துல தண்ணி இல்லாமப் போனா, இலையில அடுப்பு அணைஞ்சிரும். அப்ப தண்டுல இருக்கிறத எடுத்துத்தான் விதைக்குக் குடுக்கணும். அங்கயும் ஒண்ணும் இல்லன்னா, பூ மட்டும் தட்டு மாதிரி நிக்கும். உள்ள பொக்கு.”

‘பொக்கு’ என்று சொல்லும்போது பல்லைக் கடிப்பார். போன பருவத்தில் அவருடைய அண்ணன், பண்ணை சிபாரிசு செய்த பெரிய பூ ரகத்தை விதைத்தார். பூத்த நாட்களில் ரோட்டில் போனவர்களெல்லாம் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் வானம் கைவிட்டது. அறுத்துத் தட்டினால் மூட்டை மூட்டையாக வெறும் தோல். அண்ணன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “பூவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா” என்று மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

பெரிய பூ ரகம் பண்ணை இயக்குநர் பெற்றெடுத்த பிள்ளை. தண்டு டாக்டருடையது சின்னப் பூ, பார்க்க லட்சணமில்லாதது, தண்டு மட்டும் கைக்கு அடங்காது. இரண்டையும் இவர் ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து, பூத்த பிறகு தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டார். மழை வந்தால் இழுத்து மூடத் தலைக்கு மேல் பாலித்தீன் கூரை. இப்போது விதை பிடிக்கும் நேரம். விதைக் குழு வந்து இந்த வயலைப் பார்த்துவிட்டு, அடுத்த விதைப்புக்கு எந்த ரகத்தை விவசாயிகளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும். காய விட்ட அந்த வயலுக்குள் தண்ணீர் பாட்டிலோடு யாரும் நுழையக் கூடாது. “அதுங்க தாகத்துல நிக்குது, நீ அது முன்னாடி குடிப்பியா?” என்பார். மோட்டார்காரர் ஒருமுறை வேலிக்குப் பக்கத்தில் கால் கழுவப்போய், தண்டு டாக்டரிடம் காது கிழியத் திட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை காலை, விதைக் குழு வருகிற நாள். வயல் வாயிலில் நுழையும்போதே அவர் கண்ணில் பட்டுவிட்டது. சனிக்கிழமை துவண்டு தொங்கிய இலைகள் நிமிர்ந்து நின்றன. பெரிய பூ ரகம் ஒருபடி மேலே போய்ப் புது மாப்பிள்ளை போல மினுமினுத்தது. மண் என்னவோ மேலே புழுதியாகத்தான் இருந்தது. மோட்டார்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டதும் கொட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் வந்து மோட்டாரைப் போடச் சொன்னாராம். தண்ணீர் சுவறியதும், வரப்பிலிருந்து காய்ந்த மண்ணை அள்ளி வந்து மேலே தூவச் சொன்னாராம். “நான் என்னக்கா பண்றது, அவரு சொன்னா செஞ்சுதானே ஆகணும்” என்றார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தண்டு டாக்டர் விறுவிறுவென்று இயக்குநர் அறைக்குப் போனார்.

அந்த மனுஷர் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் பெரிய ஆட்கள், வாடிக் கிடக்கும் செடியைக் காட்டினால் பண்ணைக்குத்தான் அசிங்கம் என்றார். தூவிய மண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“ஒரு தண்ணிதானேம்மா. செடி பொழச்சுக்கிச்சுல்ல, சந்தோஷப்படுங்க.”

எப்படி இருக்கிறது பாருங்கள்! பரீட்சை நடக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சந்தோஷப்படு என்றால்? அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

“பொழைக்க வைக்கிறதுக்காக நான் அத வளக்கல சார். எது தானாப் பொழைக்கும்னு பாக்கத்தான் காய விட்டேன். எங்க அண்ணன் வயல்ல போய் யாரு சார் மோட்டாரப் போடுவாங்க?”

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வருகிறவர்களிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், இயக்குநரே விளக்கிக்கொள்வார், தண்டு டாக்டர் வாயைத் திறக்காமல் கூட நின்றால் போதும் என்று முடித்துவிட்டார்.

விதைக் குழுவினர் மூன்று பேர் வெயில் ஏறும் முன் வந்து சேர்ந்தார்கள். தலைவர் வெள்ளை வெளேரென்ற சட்டையில் வியர்வை படாமல் பார்த்துக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். இயக்குநர் பூரித்துப் போயிருந்தார். பூத்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத வயல் இது, அப்படியும் நம் பெரிய பூ எப்படி நிற்கிறது பாருங்கள் என்றார். கூச்சநாச்சம் வேண்டாமா? தலைவர் அண்ணாந்து பூவைப் பார்த்து “அருமை, அருமை” என்றார். கூட வந்த இருவரும் படம் எடுத்தார்கள். தண்டை ஒருவரும் தொடவில்லை. மோட்டார்காரர் வேலி ஓரமாகத் தலை குனிந்து நின்றார்.

தண்டு டாக்டர் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த விதைப்பில் எத்தனை வீடுகளில் இதே பூவை நம்பி விதைப்பார்கள், எத்தனை பேர் தங்கச்சியைக் கூப்பிட்டு ‘பூவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா’ என்று சொல்வார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. அவருடைய சின்னப் பூ தேறியிருக்குமா, தேறியிருக்காதா? இனி இந்த வயலில் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கிளம்பும் நேரம். இயக்குநர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டே வந்து, “இவங்களும் இந்த வயல்ல வேலை செஞ்சவங்கதான்” என்றார். தலைவர் சிரித்த முகத்தோடு கை குலுக்க வலக்கையை நீட்டினார்.

தண்டு டாக்டர் சட்டென்று குந்தி உட்கார்ந்தார். மேலே தூவியிருந்த புழுதியை இடக்கையால் ஒதுக்கினார். அடியில் வலக்கையை முழங்கை வரை விட்டு ஒரு பிடி மண்ணைத் தோண்டி எடுத்தார். எழுந்து, நீட்டியபடியே இருந்த அந்தக் கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தன் இரண்டு கைகளாலும் சேர்த்து இறுக்கிப் பிழிந்தார். வெள்ளைச் சட்டையின் கைமடிப்புக்குள் கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது.