பெரிய வெள்ளியன்று ஒரு வகுப்பு

தாம்பரத்தில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளையில் ஏழு வருஷம் குப்பை கொட்டினேன். கம்பெனியில் பாதி நம்மூர், பாதி வெளியூர் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் பாதிகூட இல்லை. அன்றைய சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனி இங்கே தனியாகக் கடை விரிக்க முடியாது. நம்மூர் முதலாளி ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் சுவரில் மாட்டியிருந்த படமெல்லாம் பனி கொட்டும் ஊரில் நின்ற அவர்களுடைய தலைமை அலுவலகம்தான்.

ஜனங்கள் லேசில் நம்பவில்லை. அப்போதுதான் ஊரெல்லாம் ஃபைனான்ஸ் கம்பெனிகள் மூடிக்கொண்டு ஓடியிருந்தன. மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் என்னைப் பிடித்துக் கேட்டார்: "வெள்ளைக்காரன் இன்னிக்கி கீறான். நாளைக்கி ஃபிளைட் ஏறிப் பூட்டான்னா நான் இன்னா பண்றது, சொல்லு?"

என்னிடம் மனப்பாடமாக ஒரு பதில் இருந்தது. "அப்படியெல்லாம் ஓட முடியாதும்மா. கவர்மென்ட் லைசென்ஸ் குடுத்திருக்கு. ஐதராபாத்துல ஆபீஸ் போட்டு ஒவ்வொண்ணையும் பார்த்துக்கிட்டே இருக்காங்க." அதை நானும் நம்பித்தான் சொன்னேன்.

கம்பெனிக்கு மட்டுமல்ல, பாலிசி பிடிக்கும் ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும். அதைக் கவர்மென்ட் பேரில் கம்பெனியே கொடுக்கும், ரத்தும் செய்யும். அதை வாங்க நூறு மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும், பிறகு பரீட்சை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், இருபது நாள். யாரப்பா இருபது நாள் உட்காருவது? நாங்கள் மூன்று நாள் நடத்துவோம். கடைசி நாள் வருகைப் பதிவேட்டை நீட்டி எல்லோரிடமும் இருபது கையெழுத்து வாங்கிக்கொள்வோம். தேதிக் கட்டம் காலியாக இருக்கும். பிறகு நான் சாவகாசமாக உட்கார்ந்து, ஒரு நாள் நீலப் பேனா, ஒரு நாள் கறுப்புப் பேனா என்று மாற்றி மாற்றித் தேதி போடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

அப்படி ஒரு மார்ச்சில் வந்தவர்தான் செம்பாக்கத்து டீச்சர். நாற்பது வயதிருக்கும். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இவர் வாங்கிய நர்சரி ஸ்கூல் சம்பளம் போதவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஸ்கூலை விட்டுவிட்டார். மூன்று நாள் வகுப்புக்கும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்டே எங்களைக் கொன்ற ஒரே ஆள் அவர்தான்.

கையெழுத்துப் போடும்போதும் கேட்டார். "தேதி காலியா இருக்கே சார்?"

"நான் போட்டுக்கறேன் மேடம், நீங்க கவலைப்படாதீங்க," என்றேன்.

ஆறு மாதத்தில் அவர்தான் எங்கள் கிளையிலேயே நல்ல ஏஜென்ட். அவர் போகும் சர்ச்சில் பாதிப் பேர் அவரிடம் பாலிசி எடுத்திருந்தார்கள். கம்பெனியை நம்பி அல்ல, டீச்சரை நம்பி.

பிறகு ஐதராபாத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சோதனை என்றால் கோப்பைப் புரட்டிவிட்டுக் காபி குடித்துப் போவார்கள் என்று நினைத்திருந்தோம். இவர் காபியே வேண்டாம் என்றார். பதிவேட்டை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமையில் விரல் நின்றது.

"குட் ஃப்ரைடே அன்னிக்கி கிளாஸ் வெச்சீங்களா?"

ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் பார்த்து விட்டுவிட்டு, மற்ற நாட்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். பெரிய வெள்ளி என் மண்டையில் உறைக்கவே இல்லை. எங்கள் மேனேஜர் சளைக்கவில்லை. "ஆமா சார், எங்க பசங்க லீவுன்னுகூட பாக்கமாட்டாங்க," என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. பட்டியலில் மூன்று பெயரைத் தொட்டு, இவர்களைக் கூப்பிடுங்கள் என்றார். இரண்டு பையன்கள் வந்தார்கள். "வந்தேன் சார், கிளாஸ் சூப்பர் சார்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது பெயர் டீச்சருடையது. வெயிலில் பஸ் பிடித்து வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தேதியில வந்தீங்களா அம்மா?"

பார்த்தார். "இது பெரிய வெள்ளி சார். பன்னெண்டு மணிலேருந்து மூணு மணி வரைக்கும் மும்மணி ஆராதனை. நான் எப்படி இங்க வருவேன்?"

"கையெழுத்து உங்களதா?"

"என்னோடதுதான்."

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. மீதியை நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்துத்தான் பார்த்தார். கையெழுத்து வாங்கும்போது தேதி இல்லை, தேதி போட்டது நான். இரண்டே வாக்கியம். என் பெண்ணுக்கு அப்போதுதான் மேடவாக்கத்தில் பெரிய ஸ்கூலில் இடம் வாங்கியிருந்தேன். "பார்த்துத்தான் சொல்லணும் சார்," என்று வாய் குழறியது. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ஐதராபாத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் சொல்லச் சொல்ல நானே பதிலை டைப் அடித்தேன். குறிப்பிட்ட நபர் வராத நாளில் வந்ததாகக் கையெழுத்திட்டுத் தவறான தகவல் அளித்திருக்கிறார், அவருடைய லைசென்ஸை ரத்து செய்துவிட்டோம், இனி இப்படி நடக்காது. கோப்பு மூடப்பட்டது. பனி கொட்டும் ஊரிலிருந்துகூட ஒரு மெயில் வந்தது, கடுமையான நடவடிக்கைக்குப் பாராட்டு என்று. சூப்பர் என்று சொன்ன பையன்கள் இருவரும் தொடர்ந்து பாலிசி பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சீ என்று போய்விட்டது. ஆனாலும் மறுநாள் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன்.

அடுத்த வாரம் டீச்சர் வந்தார், கையில் ரத்துக் கடிதம். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கடிதத்தைப் பிரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"தவறான தகவல் அளித்தார்னு போட்டிருக்கு. நான் என்ன தவறா சொன்னேன் சார்?"

"அது சும்மா ஒரு ஃபார்மட் மேடம்."

"ஃபார்மட்டா? சர்ச்ல என் மூஞ்சிய பாக்கறவங்க ஃபார்மட்டுன்னா எடுத்துக்குவாங்க? எங்க பணம் என்ன ஆச்சு, நீங்க ஃப்ராடான்னு நேத்து ஒருத்தங்க என்னைக் கேக்கறாங்க சார்." பிறகு மெதுவாகக் கேட்டார். "நான் பொய் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"அப்ப அதை எழுதிக் குடுங்க. லைசென்ஸ் போனா போகுது. ஒரே ஒரு வரி."

கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். கூடவே நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள்.

"மேனேஜர் வரட்டும் மேடம்," என்றேன்.

"சரி, இருக்கேன்," என்றார்.

இருந்தார். பதினோரு மணியிலிருந்து இருந்தார். நான் கோப்புகளைப் புரட்டினேன், போன் பேசினேன், உள்ளே போய் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. மூன்று மணிக்குத் தண்ணீர் வேண்டும் என்றார், கொண்டுவந்து கொடுத்தேன். நாலரை மணிக்குப் பேனாவை மூடி, தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

மேனேஜர் அன்றைக்கு லீவு. அது எனக்குக் காலையிலேயே தெரியும்.