எத்தனை தடவை போகும்?

போட்டித் தேர்வு எழுத வரும் பெரியவர்களுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இதில் பெரிய தொல்லை, வகுத்தல் தெரியாது என்று ஒப்புக்கொண்டு ஒருவர்கூடச் சேருவதில்லை என்பதுதான். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கிறது எங்கள் பயிற்சி மையம். வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டதாரிகள். தேர்வறைக்குள் கால்குலேட்டர் கிடையாது என்று சொன்னதும் அத்தனை முகமும் மாறும். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. நாம் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை என்ற ஆறுதலுக்காகப் படியுங்கள்.

தொடாத ரப்பர்

பாஸ்கர் செவிலிமேட்டுக்காரர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஷிப்ட் முடிந்து சீருடையோடு நேராக வகுப்புக்கு வந்துவிடுவார். 1638-ஐ 39-ஆல் வகுக்கச் சொன்னேன். தாளின் ஓரத்தில் 39-ஆம் வாய்ப்பாட்டை ஒன்றிலிருந்து எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் மூன்று கணக்கை முடித்துவிட்டார். இவர் இன்னும் வாய்ப்பாட்டிலேயே இருந்தார்.

"39-ஐ 40-ன்னு வெச்சுக்கோங்க. 163-ல 40 எத்தனை தடவை போகும்? நாலு. அதைப் போட்டுப் பாருங்க" என்றேன்.

"40 இல்லியே சார், 39 தானே இருக்குது?"

"குத்துமதிப்புதான். கழிக்க முடியலன்னா ஒண்ணு குறைங்க. மீதி 39 அளவுக்கோ அதுக்கு மேலயோ வந்தா ஒண்ணு கூட்டுங்க. பென்சில்தானே, அழிச்சு எழுதலாம்."

ரப்பரை நகர்த்தி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"நீங்க சுலபமா சொல்லிட்டீங்க சார், எங்க கம்பெனியில அழிச்சு எழுதினா மெமோ குடுப்பாங்க" என்றார்.

விட்டுப்போன பூஜ்ஜியம்

கோமளா பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்தே வருவார். வீட்டில் தறி, அவரும் அவர் கணவரும் மாறி மாறி உட்காருவார்கள். 1224-ஐ 12-ஆல் வகுத்தால் அவருக்கு ஈவு 12 என்றுதான் வரும். நான் வகுப்பில் வைத்த மூன்று தேர்விலும் இதே மாதிரி நடுவில் வர வேண்டிய பூஜ்ஜியம் காணாமல் போனது. மூன்றாவது தடவை நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். "பன்னிரண்டைப் பன்னிரண்டால பெருக்கினா 144 தானேம்மா? மீதி ஆயிரம் எங்க போச்சு?" பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் நோட்டை மூடினார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. என் வாயால் ஒரு ஆளைத் துரத்திவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வந்தார். ஒரு சேலையை அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததாம். நோட்டைத் திறந்து காட்டினார். 102, அழகாக நடுவில் பூஜ்ஜியத்தோடு. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் இல்ல சார், தறியில உக்காந்துக்கினு யோசிச்சேன், புட்டா, அதான் சேலையில வர்ற பூ, அது இல்லாத எடத்துல ஊடை நூலை ஓட்டாம விட்டா அடுத்த பூ கிட்ட வந்து உக்காந்துக்கும்ல? பூஜ்ஜியமும் அப்படித்தான்."

இலக்கமா, எண்ணா

ஈவில் ஓர் இடத்துக்கு ஓர் இலக்கம்தான் என்று நான் சொல்லும்போதெல்லாம், "இலக்கம்னா எண்தானே சார்?" என்று யாராவது கேட்பார்கள். ஒரு நாள் அரைமணி நேரம் விளக்கிவிட்டுத் தொண்டை கட்டிப்போய் ஆசிரியர் அறைக்கு வந்து புலம்பினேன். தமிழ் எடுக்கும் ரங்கநாயகி மேடம், சின்ன காஞ்சிபுரத்துக்காரர், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"'தீ' ஒரே எழுத்து, ஆனா அதுவே ஒரு சொல், 7 ஒரே இலக்கம், அதுவே ஒரு எண், இதுக்கா சார் அரைமணி நேரம்?"

எழுநூற்றுப் பதினாலு

பத்மாவதி பக்கத்துக் கிராமத்து ஜைன விவசாயக் குடும்பத்துப் பெண். பேசவே மாட்டார். இந்த ஒரு தேர்வு மட்டும், தவறினால் கல்யாணம் என்று அவர் அப்பா சொல்லியிருந்தார். மாதிரித் தேர்வில் 1176-ஐ 14-ஆல் வகுக்கக் கொடுத்திருந்தேன். 117-ல் 14 எட்டுத் தடவை போகும். பத்மாவதி ஏழு போட்டிருந்தார். மீதி 19. அங்கேயே அழித்துவிட்டு எட்டு போட்டிருக்க வேண்டும். அவரோ ஆறை இறக்கி 196 ஆக்கி, அதில் 14 பதினாலு தடவை என்று எழுதியிருந்தார். ஏழும் பதினாலும் 714 என்று படிக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆனால் விடை மட்டும் 84 என்று சரியாக இருந்தது. பார்த்து எழுதியிருக்கிறார் என்று முடிவுகட்டி, தாளைச் சுழித்ததோடு நிற்காமல் வகுப்பிலும் சொல்லிக் காட்டினேன்.

அவர் எழுந்து நின்றார். "அந்த ஏழு பத்துகள் இடத்துல இருக்குது சார். அது எழுபது. எழுபதும் பதினாலும் எண்பத்தி நாலு. நான் யாரையும் பார்க்கல."

பலகையில் போட்டுப் பார்த்தேன். வேறு எண்ணை வைத்தும் பார்த்தேன். குறைத்துப் போட்டது மீதியில் தங்கி, அடுத்த இடத்தில் சரியாக வந்து சேர்ந்தது. மீதி பெரிதாக இருந்தால் அழி என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவன் நான். "பத்மாவதி செய்தது சரி, நான் சொன்னது தவறு, மன்னிக்கவும்" என்று பலகையிலேயே எழுதினேன்.

அவர் தேறிவிட்டார், தாலுகா அலுவலகம் ஒன்றில் வேலை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் அப்பா மாடியேறி வந்தார்.

"'சார் என்கிட்ட மன்னிப்பு கேட்டாரு, அப்பா'ன்னு பொண்ணு அன்னிக்கு அழுதுக்கினே சொல்லிச்சு சார், சரி, தேறலன்னாலும் இன்னொரு வருஷம் படிக்கட்டும்னு மனசுல வெச்சிருந்தேன், அதைச் சொல்றதுக்கு வேலையே இல்லாம பண்ணிடுச்சு."

வகுக்கிற எண்ணை ஒரு பார்வையில் மதிப்பிட எனக்கு வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளை மதிப்பிடத்தான் இன்னும் வரவில்லை.