தம்பி கல்யாணத்தில் ஆரஞ்சுக் கண்ணீர்

என் தம்பி கல்யாணத்தில் நான் ஆரஞ்சு நிறத்தில் அழுதேன். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் என் கழுத்தில் ஒரு கட்டி. நாமக்கல்லில் காட்டினோம். நெறிகட்டியில் டிபி என்றார் டாக்டர். நுரையீரலில் இல்லை, யாருக்கும் ஒட்டாது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று தைரியம் சொன்னார். "சிறுநீர் ஆரஞ்சா போகும், பயப்படாதீங்க. சில பேருக்குக் கண்ணீர்கூட நிறம் மாறும்" என்றும் சொல்லி அனுப்பினார். முதலில் சொன்னதை மறுநாளே பார்த்துவிட்டேன். இரண்டாவதைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரரைக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்கச் சுத்தியல் சத்தத்தில் குடித்தனம் நடத்துகிறவள் நான். எனக்கு அழ எங்கே நேரம்?

கவலையெல்லாம் அம்மாவுக்குத்தான். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டும் முன், மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் மணப்பெண்ணின் கூறைச்சேலையைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வந்து, அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வருவாள்.

"டிபிக்காரி தொட்ட சேலைய எம் புள்ள கட்டாதுன்னு பொண்ணூட்டுக்காரங்க சொல்லீட்டா என்ன பண்றது? பெரியப்பன் மவ சீர் செய்யட்டும். நீ பேசாம உக்காந்துக்க" என்றாள் அம்மா.

எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனுக்கு இன்னொருத்தி சீர் செய்வதை நான் பந்தலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா? ஒரு வாரம் வீட்டில் சண்டை. கடைசியில், நோயைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்ற நிபந்தனையில் கூடை எனக்குக் கிடைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பினோம்.

சங்ககிரியில் மண்டபம். மேளம் முழங்க, கூடையைச் சுமந்து வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். சீர் நடத்தும் பெரியவர் சொன்னபடி கூடையை மடியில் இறக்கி வைத்தேன். தம்பி வெள்ளை வேட்டியில், பரீட்சைக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். திடீரென்று என் காதருகே குனிந்து, "அக்கா, மாத்தர போட்டுட்டியா?" என்று கேட்டான்.

தாலி கட்டப் போகிறவன் கேட்கிற கேள்வியா இது! என் மனசு அப்படியே நிறைந்துபோயிற்று. கண்ணீர் பொலபொலவென்று அவன் வேட்டியில் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் ஆரஞ்சு.

மணப்பெண்ணின் அத்தை முன்வரிசையிலிருந்து அதைப் பார்த்துவிட்டார். "ஐயோ, கண்ணுல மஞ்சத்தண்ணி வருது! ஆத்தா வந்துட்டா!" என்று அலறியபடி நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். மேளக்காரர் சும்மா இருப்பாரா? கல்யாண மேளத்தை விட்டுவிட்டுச் சாமி வரவழைக்கிற அடிக்கு மாறிவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தர் கையைக் கூப்பிக்கொண்டு, "ஆத்தா, கெழக்கு மூலைல போர் போட்டாத் தண்ணி வருமா?" என்று கேட்டார். அம்மா தூணருகே நின்று, பேசாதே பேசாதே என்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள்.

பேசாமல்தான் இருந்திருப்பேன். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அப்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு முண்டியடித்து வந்தாள். "ஒரு வாரமாக் காச்சலுங்க. நீங்க துண்ணூறு போட்டாப் போதும், ஆசுபத்திரிக்கே போகலீங்க" என்றாள். குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஆத்தாளும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க! எனக்கு டிபி. மாத்தர சாப்பிடறேன், அந்த நெறந்தான் இது. மொதல்ல புள்ளையத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போங்க!"

மேளம் நின்றது. குழந்தைக்காரி மிரண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மண்டபத்தில் இருந்த அத்தனை கண்ணும் என் மடியிலிருந்த கூடையின் மேல். கூடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வந்து வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மணப்பெண்ணின் அத்தை மட்டும் இன்னும் தரையில் கிடந்தார். முட்டிவலிக்காரர், விழுந்த வேகத்தில் எழ முடியவில்லை. தலையை மட்டும் தூக்கி, "ஒட்டுமா?" என்று கேட்டார்.

"ஒட்டாதுங்க. டாக்டர் சொல்லீட்டாருங்க."

"அப்பக் கையக் குடு."

கொடுத்தேன். மண்டபமே பார்க்க, என் கையை இறுகப் பிடித்து எழுந்தார். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "உளுந்து கும்புட்டது கும்புட்டதுதான். இனித் திருப்பியா வாங்க முடியும்? கூடைய எடு சாமி, நல்ல நேரம் போகுது!" யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சீர் நடந்தது. அம்மாவும் அழுதாள். பாவம், அவள் கண்ணீர் சாதாரணக் கண்ணீர். யாரும் கும்பிடவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் மணப்பெண் அந்தக் கூறைச்சேலையோடு நேராக என்னிடம் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான், நான் மறுபடி உடைந்துவிட்டேன். அவள் தோளில், புதுப் பட்டில், ஆரஞ்சாக ஒரு பொட்டு. பதறிப்போய் முந்தானையால் துடைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க அண்ணி. தொடைக்காதீங்க."