படம் கெடுத்த பிள்ளை

தம்பியின் பிறந்தநாள் கேக்கைப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். எங்கள் பகாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பையன்களுக்கு இப்போது சின்னக் கத்தி ஆகாது. படத்தில் ரவுடி வெட்டுவதுபோல் வெட்டினால்தான் பிறந்தநாள். பாராங் அப்பாவுடையது, செம்பனைக் காட்டில் புதர் வெட்டுவதற்கு வைத்திருப்பது. கிரீம் ஒட்டியிருந்த அதையே தன்னைவிடச் சின்னப் பையன் ஒருவனின் கழுத்தில் வைத்து, மண்டி போடச் சொன்னான் தம்பி. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தார்கள். அது பள்ளிக்கூடம்வரை போய்விட்டது.

கட்டொழுங்கு ஆசிரியர் அப்பாவை வரச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப்பள்ளியை முடித்து மேலே படித்தவள் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரி, பேங்க், போலீஸ், எங்கே போனாலும் பேசுவது நான்தான்; பள்ளிக்கும் அப்பாவோடு நானே போனேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

"பயல் நல்லவன், படம் பாத்துக் கெட்டுட்டான்னு சொல்லும்மா. ஒனக்குத்தான் மலாய் நல்லா வரும்," என்றார் அப்பா.

தம்பி பின்னால் நின்று இளித்தான். "வக்கீலம்மா இருக்காங்கல்ல, பயமில்ல."

ஆசிரியரும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார். தோட்டத்துப் பையன்களை வெட்டுக்குத்துப் படங்கள்தான் கெடுக்கின்றன என்று அவரே ஆரம்பித்தார். நான் தலையாட்டினால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார். இல்லாவிட்டால் பள்ளியை விட்டு நீக்கம். அந்த ஆண்டுதான் தம்பிக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.

மேசைமேல் கைப்பேசியில் வீடியோ ஓடியது. மண்டி போட்டிருந்த பையனின் காற்சட்டை நனைந்திருந்தது. அந்த இடம் வந்ததும் தம்பி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

மலாயில் சொன்னேன்:

"அந்தப் படங்களை இவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும்தான் பார்த்தேன். நான் யார் கழுத்திலும் கத்தி வைக்கவில்லை."

அப்பாவுக்கு மலாய் எழுதப் படிக்கத்தான் வராது. கேட்டால் நன்றாகவே புரியும்.

நீக்கிவிட்டார்கள். பள்ளி வாசலில் அப்பா மோட்டாரைக் கிளப்பித் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். "இதுக்குத்தான் ஒன்னப் படிக்க வச்சனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பஸ்ஸில் வந்தேன்.

தம்பி இப்போது அவரோடு தோட்டத்தில் செம்பனைக் குலை பொறுக்கப் போகிறான். அப்பா என்னோடு பேசுவதில்லை. அரசாங்கக் கடிதம் வந்தால் மட்டும் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறார். படித்து, என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவிடமே சொல்லி அனுப்புகிறேன்.