மூன்றாம் குழாயில் நின்ற மஞ்சள்

நான் ஒரு சந்தேகப் பிராணி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பால் பெட்டியில் திகதி போட்டிருந்தாலும் மணந்து பார்த்துத்தான் ஊற்றுவேன். இதில் பாதி பிறவிக் குணம், மீதி தொழில் தந்தது. ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடம் இரத்தமும் சளியும் சிறுநீரும் சோதித்தவள் நான். எதையும் ஒரு பார்வையில் நம்பிவிடுகிறவர்களுக்கு அந்த வேலை சரிவராது.

எண்பத்துநாலில் ரொறன்ரோவுக்கு வந்தோம். வேலை கேட்டுப் போன கந்தோரில் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தவர்கள், மறுபடி படித்தால் யோசிக்கலாம் என்றார்கள். அலைந்து திரிந்து, ஸ்காபரோவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை எடுத்தேன். சோதனைக் குழாய் கழுவும் வேலை. மற்றவர்கள் பார்த்து முடித்த குழாய்களைச் சேர்த்து, உள்ளே இருப்பதைக் கொட்டி, கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். முதல் நாள் புறப்படும்போதே கணவர் சொல்லிவிட்டார்.

"அங்க போய் வாயைத் திறக்காதையும். கழுவத்தான் உம்மை எடுத்திருக்கினம்."

எங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் காட்டினால் நல்லது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொள்ளப் பார்த்தேன். அது அரைகுறையாகத்தான் முடிந்தது.

அந்த ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் எல்லார் மேலும் ஒரு கண். நான் சேர்ந்த சில மாதங்களில் ஸ்பிரிட் போத்தல் ஒன்று காணாமற் போனது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அலமாரிக்குப் பூட்டு வந்தது, சாவி மேற்பார்வையாளரின் கழுத்தில் ஏறியது, நான் அந்தப் பக்கம் நடந்தால் அவர் தலை திரும்பியது. அவர் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்மணி. வேலையில் கெட்டிக்காரி, சிரிப்பதில் மட்டும் சிக்கனம். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

நான் மட்டும் என்ன திறம்? நாங்கள் இருந்த டோர்செட் பார்க் மாடிக் கட்டடத்தில், லிஃப்ட்டுக்குள் ஒரு கறுப்பர் ஏறினால் என் கை தன்பாட்டில் கைப்பையை இறுக்கும். அவர்களில் ஒருவரும் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

குழாய்களோடு வரும் டாக்டர்மாரின் துண்டுகளை ஒளித்து ஒளித்து வாசிப்பேன். நோயாளி ஆபிரிக்காவில் பிறந்தவர் என்றால், தலையிடிக்கும் மலேரியா பார்க்கச் சொல்லியிருக்கும், வாந்திக்கும் மலேரியா, மயக்கத்துக்கும் மலேரியா. அது இல்லையென்றால் சிறுநீரில் போதை மருந்து தேடச் சொல்லியிருக்கும். காய்ச்சல் இருக்கிறதா என்றுகூட யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருடம் மாசி மாதம், கானா நாட்டுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். நாற்பதுக்குக் கிட்டத்தட்ட வயது. வேலை செய்யும் பேக்கரியில், தலைக்குள் யாரோ அடித்ததுபோல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு விழுந்தாளாம். கனடாவுக்கு வந்து ஏழு வருடம், ஒருதரமும் ஊருக்குத் திரும்பிப் போகவில்லையாம். இரத்தம் எடுத்து வருகிற பெண் இதையெல்லாம் கதையோடு கதையாகச் சொன்னாள். அப்படியிருந்தும் மலேரியாதான் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை. போதை மருந்தும் இல்லை. அடுத்த நாள் காலையில்தான் கழுத்து விறைத்திருப்பதைக் கண்டு, மூளைக்காய்ச்சலோ என்று முதுகில் ஊசி போட்டு முள்ளந்தண்டு நீர் எடுத்தார்கள்.

அந்த நீர் பச்சைத் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். மூன்று குழாய்களும் சிவப்பாக வந்தன. ஊசியை இரண்டு மூன்று தரம் குத்த வேண்டியிருந்தது என்று துண்டில் எழுதியிருந்தது. எங்கள் ஆய்வுகூட வழக்கப்படி முதற் குழாய் இரத்த அணு எண்ணுகிற மேசைக்கும், இரண்டாவது சீனி பார்க்கவும், மூன்றாவது கிருமி பார்க்கிற மேசைக்கும் போகும். முதற் குழாயைப் பார்த்தவர், ஊசி நாளத்தில் பட்டதால் கலந்த இரத்தம் என்று எழுதிவிட்டார். கிருமி மேசைக்காரர் மூன்றாம் குழாயை இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்துப் பார்த்து, கிருமி இல்லை என்று எழுதினார். மேலே நின்ற நீரின் நிறத்தைப் பார்ப்பது இரண்டு பேருக்கும் வேலையாக இருக்கவில்லை.

மத்தியானம் அந்த மூன்றாம் குழாய் என் தட்டுக்கு வந்தது. கொட்டப் போனவள் நின்றுவிட்டேன். அடியில் இரத்தம் படிந்திருந்தது. அதற்கு மேலே நின்ற நீர் மஞ்சளாக இருந்தது.

ஊசி பட்டு அப்போதுதான் கலந்த இரத்தமென்றால், சுழற்றியதும் கீழே படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும். மஞ்சளாக நின்றால், அந்த இரத்தம் மூளையைச் சுற்றிப் பல மணி நேரமாகக் கசிந்து கரைந்திருக்கிறது என்று அர்த்தம். ஊரில் இதை நான் எத்தனையோ தரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். ரியூப்லைற் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளடிக்கும். இன்னொரு குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு யன்னலுக்குப் போனேன். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. பனியையும் நம்பாமல், இரண்டு குழாய்களுக்கும் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தேன். ஒன்று தண்ணீர். மற்றது மஞ்சளேதான்.

கொட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கொட்டாமல் போய்ச் சொன்னால், உன் கையில் அது எப்படி வந்தது என்பதுதான் முதற் கேள்வியாக இருக்கும். வேலை போகலாம், கடிதமும் போகும். ஆனால் கீழ் மாடியில் அவள் கிடக்கிறாள். அப்படிக் கசிந்த நாளம் மறுபடி வெடித்தால் ஆள் தப்புவது அரிது. எனக்கு நல்ல பயம். பயத்தோடுதான் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போனேன்.

"உன்னை யார் பார்க்கச் சொன்னது?" என்றார். நான் எதிர்பார்த்த அதே கேள்வி.

"ஒருவரும் சொல்லவில்லை. இது ஊசி குத்திய இரத்தமில்லை. நேற்றே கசிந்தது."

அவர் குழாயை வாங்கவில்லை. அந்த நாடுகளில் ஈரல் வருத்தம் அதிகம், மஞ்சள் அதனால் வந்திருக்கும் என்றார். ஈரல் வருத்தமென்றால் அவளுடைய இரத்தத்தின் தெளிநீரும் மஞ்சளடிக்க வேண்டும், காலையில் எடுத்தது குளிர்ப்பெட்டியில் இருக்கிறது என்று நான் சொன்னேன். என் ஆங்கிலம் தடக்கித் தடக்கித்தான் வந்தது. அவரே போய் எடுத்து வந்து, நான் செய்ததுபோலவே யன்னலில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தார். அதில் மஞ்சள் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார், ஸ்பிரிட் போத்தல் தொலைந்தபோது பார்த்த அதே பார்வை. பார்த்தபடியே தொலைபேசியை எடுத்தார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் தலையைப் படமெடுக்கும் ஸ்கான் இயந்திரம் இருக்கவில்லை. நகரத்துக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்று பின்னேரமே அவளை ஏற்றினார்கள். நடைவழியில் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும்போது சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். வெளிச்சம் தாங்காமல் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். மேலுதட்டுக்கு மேலே ஒரு மரு.

இரண்டு கிழமைக்குப் பிறகு மேற்பார்வையாளர் நின்ற நிலையில் சொன்னார். மூளை நாளத்தில் ஒரு வீக்கமாம், அது கசிந்ததாம், மண்டையைத் திறந்து கிளிப் போட்டிருக்கிறார்களாம். பிரஷர் முதல் நாளே எக்கச்சக்கமாக இருந்ததாம், பயத்தில் ஏறியது என்று விட்டுவிட்டார்களாம். ஆள் தப்பிவிட்டாள், இடது கையும் காலும்தான் பலமில்லை. இனிமேல் இப்படி எதையாவது கண்டால் கொட்டுவதற்கு முன் தனக்குக் காட்டும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசம் வீட்டுக்குப் போகிற பஸ் வரைக்கும்தான் நின்றது. அதற்கு முன்னால், கண்ணை மூடப் பழகிய மாதங்களில், எத்தனை குழாய்களைப் பாராமலே கொட்டினேன்? அவற்றில் எது மஞ்சள்? இன்றைக்கும் அந்தச் சந்தேகம் தீரவில்லை, யாரைக் கேட்டுத் தீர்ப்பது?

அதற்கு அடுத்த கோடையில், வெக்ஸ்போர்ட் பக்கம் போகிற பஸ்ஸில் அவளைக் கண்டேன். அந்த மருதான் காட்டிக்கொடுத்தது. காதுக்கு மேலே ஒரு பட்டையில் மயிர் குட்டையாக முளைத்திருந்தது. எதிர் இருக்கையில் இருந்து நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்னைத் தெரியாது, தெரிய நியாயமுமில்லை. என் பார்வையைக் கண்டதும் முகம் இறுகியது. மடியில் கிடந்த கைப்பையின் வாரை இடது கையால் பற்றி இழுத்து அணைத்துக்கொண்டாள். இடது கையால்! விரல்கள் ஐந்தும் மெல்ல மெல்ல மடங்கின.

"என்னத்தைப் பார்க்கிறாய்?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. எழும்பி, காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து, சாரதிக்குப் பின்னால் இருந்த இருக்கைக்கு மாறினாள். அங்கே இருந்தும் நான் இறங்கும்வரை என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். நல்லாப் பார்க்கட்டும் என்று நானும் முகத்தைத் திருப்பாமல் இருந்தேன்.