தம்பி நீட்டிய கை

போர்ட் பிளேருக்குத் தெற்கே, கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் நர்ஸாக இருக்கிறேன். நாய்க்கடி பற்றிக் கூட்டம் போட்டால் எங்கள் ஜனத்துக்குச் சிரிப்புத்தான் வரும். இந்தத் தீவுகளில் வெறிநாய்க்கடி நோய் கிடையாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "நம்ம தீவுல ஏது பாகல் குத்தா, வெறி புடிச்ச நாயி? சும்மா ஏன் சிஸ்டர் பயங்காட்டுறீங்க?" என்பார்கள்.

வாளியும் சோப்பும் தூக்கி வருவது என் தம்பி. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பதை அவன் நீட்டும் கையில்தான் செய்து காட்டுவேன். "தோலு உரிஞ்சிரும், வுடுக்கா" என்று கேலி பண்ணுவான். கடல் தாண்டி மெயின்லேண்டில் கடிபட்டால் உடனே ஊசி போடுங்கள் என்று நான் முடிப்பதற்குள் கூட்டம் டீக்கு எழுந்துவிடும். அவனும்தான்.

போன வருடம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கூடலூர் போனான். அங்கே தெருவில் ஒரு நாய்க்குட்டிக்கு பிஸ்கட் கொடுத்தபோது வலது கையில் பல் பதிந்துவிட்டது. ஊசி போடச் சொன்னவர்களிடம், "எங்க தீவுல நாய் கடிச்சா யாரும் ஊசிக்கு ஓடுறதில்ல" என்று சிரித்துவிட்டு, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கப்பலேறினான். கடித்தது தீவு நாயா என்று யோசிக்க வேண்டாமா, பாவி? என்னிடமும் மூச்சு விடவில்லை.

சில மாதம் கழித்து அந்தக் கை சுருசுருவென்கிறது என்றான். மறுநாள் டீ தொண்டையில் இறங்கவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று ஃபேனைப் போட்டேன். காற்றுப் பட்டதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தான். அவன் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"நாய் கடிச்சுதாடா?"

"கூடலூர்ல... சின்னக் குட்டிதான்க்கா."

நோய் வெளியே தெரிந்த பிறகு மருந்து இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். அவன் மனைவியைத் துணிமணி எடுத்து வைக்கச் சொன்னேன். ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனோம். வார்டில் குழாய் திறக்கும் சத்தத்துக்கே அலறினான். அங்கேயே போய்விட்டான். அவன் எச்சில் பட்டிருக்கும் என்று எனக்கும் அவன் மனைவிக்கும் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவுதானே அவனுக்கும் தேவைப்பட்டது.

இப்போதும் கூட்டம் போடுகிறேன். மெயின்லேண்ட் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன தடவை ஒருவர் பழையபடி, "இங்கதான் அது இல்லியே சிஸ்டர்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி எழுந்து வந்து வாளிக்கு மேல் கையை நீட்டினாள்.

"கழுவிக் காட்டுங்க அண்ணி."

பதினைந்து நிமிடமும் யாரும் டீக்கு எழுந்திருக்கவில்லை.